வேலூர்ல இனிமே பிசி தானா? கன்சோல் வாங்கறது வீணா?

சத்துவாச்சாரி_ஃபேஸ்2 | 14 ஏப்ரல் 2025, இரவு 9:40

கன்சோல் காலம் முடிஞ்சுது, இனிமே பிசிதான். இது என் கட்சி. சோனியோட சொந்த கேமே பிசிக்கு வந்தாச்சு: 2020 ஆகஸ்ட்ல ஹொரைசன் ஜீரோ டான், 2022 ஜனவரில காட் ஆஃப் வார், போன வருஷம் கோஸ்ட் ஆஃப் சுஷிமா. எக்ஸ்பாக்ஸ் கம்பெனி கேம் எல்லாம் முதல் நாளே பிசில இறங்குது. அப்புறம் தனியா ஒரு பெட்டி எதுக்கு? மறுக்கறவங்க காரணத்தோட மறுங்க.

நிலவரம்: பட்ஜெட் 60,000. மொட்டை மாடி ரூம், ஏசி கிடையாது. 43 இன்ச் டிவி இருக்கு, மானிட்டர் இல்ல. 100 எம்பிபிஎஸ் ஃபைபர். தங்கச்சி காலேஜ் வேலைக்கும் கம்ப்யூட்டர் தேவைப்படும்.

குடியாத்தம்_கைலி | 14 ஏப்ரல், இரவு 10:12

கடைசி வரியிலயே உன் கேள்விக்கு நீயே பதில் சொல்லிட்ட தம்பி. ஆனா கன்சோல் முடிஞ்சுதுன்னு மட்டும் சொல்லாத. சோனி கன்சோல் பிஎஸ்5-க்கு டிஸ்க்கு 4,999 போட்டு வாங்கி, ஒரு மாசத்துல முடிச்சு, நல்ல கேமா இருந்தா பாதிக்கு மேல காசு திரும்பி வர்ற மாதிரி வித்துடலாம். பிசி கேம் விக்கற ஆன்லைன் கடை ஸ்டீம்ல வாங்கினது வாங்கினதுதான். விக்க முடியாது, மாத்திக்கவும் முடியாது.

கோட்டை_அகழி | 14 ஏப்ரல், இரவு 11:35

டிஸ்க் கணக்கு சரி. ஆனா அது டிஸ்க் டிரைவ் இருக்கற மாடலுக்கு மட்டும். 2024 ஏப்ரல்ல பிஎஸ்5 ஸ்லிம் இங்க வந்தப்போ டிஸ்க் மாடல் 54,990, டிஜிட்டல் 44,990. பத்தாயிரம் மிச்சம்னு டிஜிட்டல் எடுத்தா மறுவிற்பனை அந்த நிமிஷமே போச்சு, பிசிக்கும் அதுக்கும் வித்தியாசம் இல்ல.

இப்போ ஹார்டுவேர். பிஎஸ்5 உள்ள இருக்கறது எட்டு கோர் ஜென் 2 பிராசஸர், 36 கம்ப்யூட் யூனிட் (படம் வரையற கணக்குப் பகுதி) ஆர்டிஎன்ஏ 2 கிராபிக்ஸ், கிராபிக்ஸுக்கும் சிஸ்டத்துக்கும் பொதுவா 16 ஜிபி ஜிடிடிஆர்6 மெமரி. 60,000-க்குள்ள இதுக்குப் பக்கத்துல போகணும்னா:

ரைசன் 5 5600 பிராசஸர், பி550 மதர்போர்டு, 8+8 ஜிபி டிடிஆர்4 3200 ரேம், 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 550 வாட் பிரான்ஸ் பவர் சப்ளை, முன்பக்கம் வலை வெச்ச கேபினெட். இன்னிக்கு விலைக்கு சுமாரா 55-லேர்ந்து 58-க்குள்ள முடியும். கீபோர்டு, மவுஸ், விண்டோஸ் இதுல சேரல.

ஆர்எக்ஸ் 6600-ல 28 கம்ப்யூட் யூனிட்தான். ஆக அதே காசுக்கு பிசில கிராபிக்ஸ் ஒரு படி கீழதான் கிடைக்கும். "பிசி எடுத்தா அதே காசுக்கு பவர் ஜாஸ்தி"ன்னு யாராவது சொன்னா பார்ட் லிஸ்ட்டைக் கேளுங்க. பிசி வாங்கறதுக்கு நியாயமான காரணம் வேற: பார்ட் பார்ட்டா மாத்தலாம், பார்ட் பார்ட்டா ரிப்பேர் பண்ணலாம், ஆன்லைன்ல ஆட மாசச் சந்தா கிடையாது.

ரெண்டு ரேம் கம்பி போடுங்க, 16-ஐ ஒரே கம்பியா வாங்காதீங்க. சிங்கிள் சேனல்ல 5600 மூச்சு வாங்கும், கடைக்காரர் "பின்னாடி இன்னொண்ணு போட்டுக்கலாம் சார்"னு சொல்லிக் கொடுத்துடுவார்.

கோட்டை_அகழி | 15 ஏப்ரல், காலை 7:20

டிவி பத்தி விட்டுட்டேன். ஹெச்டிஎம்ஐல மாட்டினா எழுத்து மங்கலா, ஓரத்துல கலர் கசிஞ்ச மாதிரி தெரியும். டிவி மெனுல அந்த இன்புட்டோட பேரை "பிசி"ன்னு மாத்துங்க, பல டிவில அப்பதான் முழு கலர் விவரம் வரும். கேம் மோட் ஆன் பண்ணலேன்னா மவுஸ் அசைஞ்சு கொஞ்சம் கழிச்சுதான் திரையில அசையும். தங்கச்சி ப்ராஜெக்ட் டைப் பண்ண 43 இன்ச்சுக்கு முன்னாடி ரெண்டடில உக்காந்தா கழுத்து போயிடும். செகண்ட் ஹாண்ட் 22 இன்ச் ஆபீஸ் மானிட்டர் ஒண்ணு தனியா பாருங்க.

லாங்பஜார்_சர்வீஸ் | 15 ஏப்ரல், மதியம் 2:05

எல்லாரும் கார்டு, கோருன்னு பேசிகினு கீறீங்க. வெயிலைப் பத்தி ஒருத்தரும் வாயைத் தொறக்கல. இன்னும் மூணு வாரத்துல கத்திரி. மொட்டை மாடி ரூமுல சாயந்தரம் 38, 39 டிகிரி நிக்கும், செவுரே சூடு கக்கும். பிஎஸ்5-க்கு சோனி போட்டிருக்கற லிமிட்டே 35 டிகிரி வரைக்கும்தான். மே மாசம் முழுக்க அந்த ரூமுல அது லிமிட்டுக்கு வெளிய ஓடும். ஓடாதுன்னு சொல்லல. ஃபேன் கத்தும், அப்பால "ரொம்ப சூடாயிடுச்சு"ன்னு மெசேஜ் போட்டு நிக்கும்.

பிஎஸ்5 வெச்சிருக்கறவங்களுக்கு: டிவி ஸ்டாண்டு பொந்துக்குள்ள சொருகாதீங்க, செவுத்துலேர்ந்து பத்து சென்டிமீட்டர் தள்ளி வைங்க. பக்கத் தகடு கையால நகத்தினாலே கழண்டு வரும், உள்ள தூசி புடிக்கன்னே ரெண்டு ஓட்டை கீது. வாக்குவம் வெச்சு உறிங்க. ப்ளோயரால உள்ள ஊதினா அந்தத் தூசி நேரா ஹீட் சிங்க்ல போய் அப்பிக்கும். சிப்புக்கு மேல பேஸ்ட் இல்ல, லிக்விட் மெட்டல். வீட்டுல தொறந்து தொடைக்கற வேலை வாணாம், ஒரு சொட்டு போர்டுல உழுந்தா ஷார்ட்டு.

பிசிக்கு: முன்னாடி ரெண்டு ஃபேன் உள்ள இழுக்கணும், பின்னாடி ஒண்ணு வெளிய தள்ளணும். உள்ள வர்ற காத்து ஜாஸ்தியா இருந்தா சந்து பொந்து வழியா தூசி ஏறாது. கண்ணாடி முகப்பு கேபினெட் அழகாத்தான் கீது, இந்த ஊருக்கு ஆவாது. நம்ம பக்கம் மாசத்துக்கு ஒருக்கா ஃபில்டரைத் தட்டணும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் றெக்கையை விரலால புடிச்சுக்கோங்க, சும்மா சுத்தவிட்டா பேரிங் போவும்.

காட்பாடி_பிளாட்பாரம்2 | 15 ஏப்ரல், மாலை 6:48

வெயிலுக்கு சாஃப்ட்வேர்லயும் வழி இருக்கு. ஆர்எக்ஸ் 6600-னா ஏஎம்டி அட்ரினலின் திறந்து, பெர்ஃபார்மன்ஸ், ட்யூனிங், மேனுவல். வோல்டேஜ் 1150 மில்லிவோல்ட்ல இருக்கும், 25 மில்லிவோல்ட்டா குறைச்சுக்கிட்டே வாங்க. ஒவ்வொரு தடவையும் அரை மணி கனமான கேம் ஓட்டிப் பாருங்க. 1075 பக்கம் நிறைய கார்டு நிக்கும். கேம் திடீர்னு மூடிக்கிட்டா, திரை கறுப்பாகி திரும்பி வந்தா, 25 ஏத்தி அங்கயே விட்டுடுங்க. என்விடியான்னா ஆஃப்டர்பர்னர்ல கன்ட்ரோல் எஃப் அழுத்தினா வர்ற வளைகோட்டுல இதே வேலை.

அதை விடப் பெரிய வித்தியாசம் ஃப்ரேம் லிமிட், அதாவது செகண்டுக்கு எத்தனை படம்ங்கற வரம்பு. உங்க டிவி 60 ஹெர்ட்ஸ்னா 60-க்கு மேல ஓட்டறது எல்லாம் வெறும் சூடு. 60-ல பூட்டுங்க.

லேப்டாப்ல ஆடறவங்களுக்கு: பவர் ஆப்ஷன்ஸ்ல மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட் 100-ஐ 99 ஆக்குங்க. டர்போ நின்னுடும், சூடு சட்டுனு இறங்கும், பெரும்பாலான கேம்ல ஃப்ரேம் பெருசா அடி வாங்காது. விஐடி பசங்க அடிக்கடி ஏமாறற இடம் இன்னொண்ணு: ஆர்டிஎக்ஸ் 4050 லேப்டாப்னு ஒரே பேரு, ஆனா 35 வாட்லேர்ந்து 115 வாட் வரைக்கும் எதுல வேணா வரும். ஸ்டிக்கரைப் பாக்காதீங்க, அந்த மாடலுக்கு கிராபிக்ஸ் எத்தனை வாட்னு பாருங்க.

சத்துவாச்சாரி_ஃபேஸ்2 | 16 ஏப்ரல், இரவு 8:30

கரண்ட்? எங்க தெருவுல எல்லாரும் ஒரே நேரத்துல மோட்டார் போட்டா ட்யூப் லைட் டிம் ஆகும். மாசாமாசம் பராமரிப்பு மின்தடை வேற. வீட்டு இன்வெர்ட்டர்ல பிசியை மாட்டலாமா? ஸ்டெபிலைசர் வேணுமா?

கோட்டை_அகழி | 16 ஏப்ரல், இரவு 10:50

ஸ்டெபிலைசர் வேணாம். நல்ல பவர் சப்ளை 100-லேர்ந்து 240 வோல்ட் வரைக்கும் தானே சமாளிக்கும். ரிலே ஸ்டெபிலைசர் டக் டக்குன்னு மாறும்போது வர்ற இடைவெளிதான் பிசியை ரீஸ்டார்ட் பண்ணும். முதுகுல சிவப்பு சுவிட்ச்ல 115/230 போட்ட, கேபினெட்டோட ஓசியா வர்ற பவர் சப்ளை இருந்தா அதைத் தூக்கிப் போடறதுதான் முதல் வேலை.

இன்வெர்ட்டர்ல ரெண்டு விஷயம். ஒண்ணு, அது தர்ற கரண்ட் ஸ்கொயர் வேவா சைன் வேவா? இப்போ வர்ற நல்ல பவர் சப்ளையில கரண்டை சீரா இழுக்கற ஆக்டிவ் பிஎஃப்சி சர்க்யூட் இருக்கு, ஸ்கொயர் வேவ்ல அது உறுமும், சிலது அணைஞ்சே போகும். ரெண்டு, பின்னாடி யுபிஎஸ் / நார்மல்னு ஒரு சுவிட்ச் இருக்கும். நார்மல்ல கரண்ட் போனா பேட்டரிக்கு மாற நேரம் எடுக்கும், ஃபேனுக்குத் தெரியாது, பிசி ரீஸ்டார்ட் ஆகிடும். பவர் சப்ளை தன் கையிருப்புல தாங்கறது 16, 17 மில்லிசெகண்ட்தான். யுபிஎஸ் மோடுல வைங்க. ஆனா அந்த மோடுல வோல்டேஜ் 180-க்குக் கீழ வந்தாலே பேட்டரிக்குத் தாவும். உங்க தெரு மோட்டார் கதைக்கு சாயந்தரம் முழுக்க பேட்டரிதான் ஓடும், தண்ணி சீக்கிரம் குறையும்.

அதனால பிசிக்குத் தனியா ஒரு 1000 விஏ யுபிஎஸ். 5600, 6600, மானிட்டர் எல்லாம் சேத்து ஆடும்போது 250 வாட் சுத்தி வரும். 600 விஏ-ன்னா 360 வாட்தான், ஒரு தாவு தாவினா ஓவர்லோட்னு கத்தும். 1000 விஏ இருந்தா சேவ் பண்ணிட்டு நிறுத்த சில நிமிஷம் கிடைக்கும். அதுக்கு மேல ஆடலாம்னு கனவு காணாதீங்க. பிஎஸ்5 சுமாரா 200 வாட், அதுக்கு 600 விஏ போதும். இதுல கன்சோலுக்கு ஒரு மார்க்.

பில் கணக்கு: 250 வாட், தினம் நாலு மணி, ஒரு யூனிட். ரெண்டு மாச பில்லுக்கு 60 யூனிட். பிஎஸ்5-க்கு 48. வித்தியாசம் அற்பம். ஆனா வீடு ஏற்கெனவே 480-ல நின்னா கவனிங்க, 500 தாண்டினா முந்தின யூனிட்டுக்கும் ரேட் மாறிடும்.

லாங்பஜார்_சர்வீஸ் | 17 ஏப்ரல், காலை 11:15

எர்த்தை உட்டுட்டீங்களே! கேபினெட்டைத் தொட்டா சுரீர்னுது, கார்டு போச்சான்னு கேட்டுகினு வருவாங்க. கார்டுல ஒண்ணும் இருக்காது. பவர் சப்ளை ஃபில்டர் கெபாசிட்டர் எர்த்துக்கு அனுப்பற சின்ன கசிவு, எர்த் இல்லாததால கேபினெட்லயே நிக்கும். மீட்டர் வெச்சா நூறு வோல்ட்டுக்கு மேல கூட காட்டும்.

நம்ம ஊரு பாறை பூமி. எர்த் குழி வெயில் காலத்துல காஞ்சி கெடக்கும். மீட்டரை எடுத்துகினு பிளக் பாயிண்ட்ல பாருங்க: ஃபேஸ்-நியூட்ரல் 230, ஃபேஸ்-எர்த்தும் கிட்டத்தட்ட அதே வரணும், நியூட்ரல்-எர்த் ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள. ஃபேஸ்-எர்த் தாறுமாறா ஆடினா எர்த் செத்துப் போச்சு. குழில தண்ணி ஊத்திப் பாருங்க, சரியாவலன்னா வயர்மேனைக் கூப்புடுங்க. நியூட்ரலையும் எர்த்தையும் பிளக்குல சேத்துக் கட்டற வேலை மட்டும் எவன் சொன்னாலும் செய்யாதீங்க. நியூட்ரல் கட்டாச்சுன்னா கேபினெட்ல முழு ஃபேஸ் ஏறும்.

பிஎஸ்5-க்கு ரெண்டு பின் வயர்தான், எர்த்தே கெடையாது. ஹெச்டிஎம்ஐ ஒயரை மாட்டும்போது லேசா கிணுகிணுன்னா அதே கசிவுதான். மாட்டறதுக்கு முந்தி டிவி, கன்சோல் ரெண்டையும் பிளக்லேர்ந்து உருவிடுங்க. இங்க வர்ற பிஎஸ்5 ரிப்பேர்ல முக்கியமானதே ஹெச்டிஎம்ஐ தான்: பின் வளைஞ்சது, இல்ல பின்னாடி இருக்கற சிப் போனது. போர்ட்டு மாத்த ஹாட் ஏர் வேலை தெரிஞ்ச கை வேணும். பிசில இதே கோளாறு வந்தா கார்டைப் புடுங்கி வேற கார்டு சொருகிகினு போய்கினே இருக்கலாம்.

குடியாத்தம்_கைலி | 17 ஏப்ரல், மதியம் 1:30

பழைய பிஎஸ்5-ல டிஸ்க் டிரைவ் கெட்டா வேற பெட்டியோட டிரைவை எடுத்துப் போட்டா ஓடாது, டிரைவ் போர்டும் மெயின் போர்டும் ஜோடி. ஒத்துக்கறேன். ஆனா ஸ்டிக் தானா நகர்ற கோளாறு கன்ட்ரோலரோடது, பிசில அதே கன்ட்ரோலரை மாட்டினாலும் அதே தலைவலி. அதுல மட்டும் கன்சோலைக் குத்தம் சொல்லாதீங்க.

லாங்பஜார்_சர்வீஸ் | 17 ஏப்ரல், மதியம் 3:00

சரிதான் பா. முதல்ல ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு உட்டு ஸ்டிக்கைச் சுத்துங்க. போவலன்னா மாட்யூல் மாத்தணும், 14 புள்ளி ஈயம் எடுக்கணும். காந்த சென்சார் மாட்யூல் போட்டா தேயாது, ஆனா போட்டதும் காலிபரேட் பண்ணலேன்னா நடுவுல நிக்காது.

காட்பாடி_பிளாட்பாரம்2 | 19 ஏப்ரல், இரவு 11:58

பிசிக்கு இங்க கூட்டம் சேர்ந்ததுக்கு முக்கியக் காரணம் யாரும் சொல்லல: வேலோரன்ட், சிஎஸ் 2, டோட்டா. மூணும் இலவசம். பழைய பிசிலயும் ஓடும். 4,999 டிஸ்க்கே பேச்சுல வராது. அதுக்கு மேல எபிக் ஸ்டோர் 2018 டிசம்பர்லேர்ந்து இலவச கேம் கொடுத்துக்கிட்டு வருது, 2020 மே மாசம் ஜிடிஏ 5-ஐயே சும்மா கொடுத்தாங்க. ஸ்டீம்ல 2015-லேர்ந்து ரூபாய் விலை. வாங்கி 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்குக் கீழ ஆடியிருந்தா காசு திரும்பும்.

பிங், அதாவது சர்வருக்கு சிக்னல் போய்வர்ற நேரம், அந்த விஷயத்துல நம்ம ஊருக்கு யோகம். சிஎஸ் 2, டோட்டா கம்பெனி வால்வுக்கு சென்னையிலயே சர்வர் இருக்கு, வேலூர்லேர்ந்து 140 கிலோமீட்டர். வேலோரன்ட் மும்பை. ஃபைபர்ல ஆயிரம் கிலோமீட்டர் போய்வர 10 மில்லிசெகண்ட்தான் ஆகும், மிச்சம் எல்லாம் ஆபரேட்டர் எந்த வழியா சுத்தி அனுப்பறார்ங்கறது. மும்பைக்கு 80 மில்லிசெகண்ட் காட்டினா ட்ரேஸ்ரூட் எடுத்துப் பாருங்க, எந்த ஊரு வழியா வளையுதுன்னு தெரியும். மாடி ரூமுக்கு வைஃபை வேணாம். கேட் 6 ஒயர் ஒண்ணு ஜன்னல் வழியா இழுங்க, வெயில் படற இடத்துல பிவிசி பைப்புக்குள்ள விடுங்க, இல்லேன்னா ரெண்டு கோடைல உறை வெடிச்சுடும்.

நண்பன் வீட்டுல கேம் இருந்தா டவுன்லோடு பண்ணவே வேணாம். ஒரே ரூட்டர்ல ரெண்டு பிசியையும் மாட்டினா ஸ்டீம் தானே அங்கேர்ந்து காப்பி பண்ணிக்கும். உங்க 100 எம்பிபிஎஸ்ல 100 ஜிபி இறங்க ரெண்டே கால் மணி நேரம், கிகாபிட் ரூட்டர்ல கால் மணி.

குடியாத்தம்_கைலி | 3 மே, காலை 8:05

ஜிடிஏ 6 அடுத்த வருஷம் மே 26-ன்னு நேத்து அறிவிச்சாச்சு. பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் மட்டும். பிசின்னு ஒரு வார்த்தை இல்ல. இப்போ சொல்லுங்க, யாரு காலம் முடிஞ்சுது?

கோட்டை_அகழி | 3 மே, காலை 9:30

கைலி அண்ணன் அடிச்சது நியாயமான அடி. ஜிடிஏ 5 கன்சோலுக்கு 2013 செப்டம்பர், பிசிக்கு 2015 ஏப்ரல். ரெட் டெட் 2 கன்சோலுக்கு 2018 அக்டோபர், பிசிக்கு 2019 நவம்பர். அந்தக் கம்பெனி கேம் முதல் நாளே வேணும்னா கன்சோல்தான் வழி, அதுல வாதம் இல்ல. ஒரே ஒரு கேமுக்காக இப்பவே வாங்கி வைக்கறதுதான் புத்திசாலித்தனமான்னு யோசிங்க. கேம் வெளியாகற மாசம் வாங்கினாப் போதும்.

பிஎஸ்5 ப்ரோ பத்தி தனியா கேட்டவங்களுக்கு: அது இந்தியாவுல விக்கல, 6 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசை இங்க இன்னும் அனுமதிக்காததுதான் சோனி சொன்ன காரணம். வெளியூர் சரக்கு வாங்கினா வாரன்டி உங்க தலைல.

சத்துவாச்சாரி_ஃபேஸ்2 | 22 ஜூன், இரவு 9:15

பிசி முடிவு பண்ணியாச்சு. பார்ட் வாங்க சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டா, பெங்களூரு எஸ்.பி. ரோடா?

கோட்டை_அகழி | 22 ஜூன், இரவு 9:50

காட்பாடிலேர்ந்து ரெண்டுக்கும் ரயில் இருக்கு, ஆனா வாரன்டிக்கு மறுபடி போற தூரம் சென்னைதான் கம்மி. ஞாயிறு போகாதீங்க, பெரும்பாலான கடை மூடியிருக்கும். ஜிஎஸ்டி பில்லுல ஒவ்வொரு பார்ட்டோட சீரியல் நம்பரும் எழுதி வாங்குங்க. கார்டு வாரன்டியை யார் பாக்கறாங்க, சர்வீஸ் சென்டர் சென்னைல எங்கன்னு காசு கொடுக்கறதுக்கு முன்னாடி கேளுங்க. பி450 போர்டு தள்ளினா பயாஸ் (போர்டோட அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணித்தான் கொடுக்கணும்னு சொல்லுங்க, பழைய பயாஸ்ல 5600 திரையே காட்டாது. செகண்ட் ஹாண்ட் ஆர்எக்ஸ் 580 கார்டு காட்டினா தொடாதீங்க, கிரிப்டோ மைனிங்ல ஓடினது எதுன்னு வெளிய பாத்து கண்டுபிடிக்க முடியாது, அதுவும் 2048எஸ்பின்னு ஒரு மட்டமான வகை கலந்து சுத்துது.

காட்பாடி_பிளாட்பாரம்2 | 12 அக்டோபர், இரவு 10:20

பேட்டில்ஃபீல்ட் 6 வந்ததும் "செக்யூர் பூட் ஆன் பண்ணு"ன்னு திட்டு வாங்கறவங்க வரிசையா வர்றாங்க. நம்பகமான சாஃப்ட்வேரை மட்டும் பூட் ஆக விடற பயாஸ் செட்டிங் அது. முறையா பண்ணுங்க. முதல்ல விண்டோஸ் டிஸ்க் பழைய எம்பிஆர் வகையா புது ஜிபிடி வகையான்னு டிஸ்க் மேனேஜ்மென்ட்ல பாருங்க. எம்பிஆர்னா பேக்கப் எடுத்துட்டு, விண்டோஸ்லயே இருக்கற எம்பிஆர்2ஜிபிடி கருவியால மாத்துங்க. அதுக்கப்புறம்தான் பயாஸ்ல சிஎஸ்எம் (பழைய முறை பூட்) ஆஃப். வரிசை மாறினா விண்டோஸ் பூட்டே ஆகாது. பிறகு எஃப்டிபிஎம் (பிராசஸருக்குள்ளயே இருக்கற பாதுகாப்பு வசதி) ஆன், செக்யூர் பூட் ஆன், கீ எல்லாம் ஸ்டாண்டர்ட். டிஸ்க்கைப் பூட்டி வைக்கற பிட்லாக்கர் இருந்தா ரெக்கவரி கீயை முதல்ல எழுதி வைங்க.

இன்னும் ரெண்டு நாள்ல, 14-ஆம் தேதி, விண்டோஸ் 10 ஆதரவு முடியுது. பழைய ஆபீஸ் டெல், ஹெச்பி வாங்கி கார்டு சொருகறவங்க இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழ போகாதீங்க, விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அந்தப் பெட்டிங்கள்ல பவர் சப்ளை 240, 260 வாட், கார்டுக்கு தனி ஒயரே இருக்காது. ஆறு பின் கேக்காத ஜிடிஎக்ஸ் 1650 மாதிரி 75 வாட் கார்டு மட்டும் போடலாம்.

குடியாத்தம்_கைலி | 7 நவம்பர், காலை 7:40

நான் மே மாசம் போட்ட தேதி செல்லாது. ஜிடிஏ 6 இப்போ 2026 நவம்பர் 19. அகழி சொன்னபடி காத்திருந்தவங்க பொழைச்சாங்க. எக்ஸ்பாக்ஸோட சொந்த கேம் ஹேலோ அடுத்த வருஷம் பிஎஸ்5-க்கே வருதாம், எக்ஸ்பாக்ஸ் பெட்டி வெச்சிருக்கறவங்க இப்போ எந்தக் கட்சி?

சத்துவாச்சாரி_ஃபேஸ்2 | 9 டிசம்பர், இரவு 8:55

பிசி நல்லா ஓடுது. புது கேம்ல 16 ஜிபி ரேம் பத்தல, விக்கி விக்கி ஓடுது, இன்னும் 16 சேக்கலாம்னு கேட்டா ஜூன் விலைக்கு ரெண்டு மடங்குக்கு மேல சொல்றாங்க. ஏமாத்தறாங்களா?

கோட்டை_அகழி | 9 டிசம்பர், இரவு 9:30

ஏமாத்தல. ஏஐ டேட்டா சென்டருக்கு மெமரி சிப் எல்லாம் போகுது, மைக்ரான் க்ரூஷியல் பேர்ல வீட்டு வாடிக்கையாளருக்கு விக்கற தொழிலையே மூடறதா இந்த மாசம் அறிவிச்சுடுச்சு. பிசிக்கு சாதகமா நான் சொன்ன "பார்ட் பார்ட்டா மாத்தலாம்" இப்போதைக்கு நொண்டுது. புதுசா முழு பிசி கட்டறவங்க, கன்சோல் விலையையும் ஒரு தடவை பக்கத்துல வெச்சுப் பாருங்க.

உங்களுக்கு ரேம் வாங்காமலே கொஞ்சம் வழி இருக்கு. டாஸ்க் மேனேஜர்ல கேம் ஓடும்போது பாருங்க: பிரவுசர், கேம் லாஞ்சர், ஆர்ஜிபி லைட் சாஃப்ட்வேர் எல்லாம் சேந்து 4 ஜிபி தின்னும். ஸ்டார்ட்அப்ல அணைங்க. டெக்ஸ்சரை ஒரு படி இறக்குங்க, 8 ஜிபி கார்டுல இடம் பத்தாம வழியறது சிஸ்டம் ரேம்லதான் போய் விழும். ரேம் பத்தாதப்போ டிஸ்க்குல எடுத்துக்கற இடமான பேஜ் ஃபைலை என்விஎம்இல விண்டோஸே பாத்துக்கற மாதிரி விடுங்க, "ஆஃப் பண்ணினா வேகம்"னு வர்ற வீடியோவை நம்பி அணைச்சா கேம் பாதில மூடிக்கும்.

லாங்பஜார்_சர்வீஸ் | 10 டிசம்பர், காலை 10:40

செகண்ட் ஹாண்ட் டிடிஆர்4 பாக்கறதா இருந்தா அதே 3200 ஸ்பீடு, அதே டைமிங் பாத்து எடு தம்பி. நாலு கம்பி போட்டா சில போர்டு 3200 புடிக்காது, ரேமை முழு ஸ்பீடுல ஓட்டற எக்ஸ்எம்பி செட்டிங் போட்டதும் கறுப்புத் திரைல நிக்கும். 2933-க்கு எறக்கிப் பாரு. வாங்கறதுக்கு முந்தி கடையிலயே ரேமை சோதிக்கற மெம்டெஸ்ட் ஒரு முழு சுத்து ஓட்டச் சொல்லு. ஒரு சிவப்பு வரி வந்தாலும் திருப்பிக் குடுத்துடு.

சத்துவாச்சாரி_ஃபேஸ்2 | 10 டிசம்பர், இரவு 7:20

லைட் சாஃப்ட்வேர், ரெண்டு லாஞ்சர் அணைச்சதுல 3 ஜிபி மிச்சம். விக்கல் நின்னுது. ரேமை பொங்கல் கழிச்சு பாக்கறேன் அண்ணா.